யாரையும் திட்டாத பாட்டு

“ஏம்ப்பா மாதவராசு, இது என்னா, கன்னடமா?”

குள்ளம்மாள் கேட்டபோது மாதவராஜ் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பர் கப்பில் வந்த டீயை ஊதிக்கொண்டிருந்தான். இண்டூரை ஒட்டி, வயல்களுக்கு நடுவே இருக்கிற ஒரு காட்டுக்கொட்டாய். செத்தவர் குள்ளம்மாளின் கொழுந்தனார். பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தில் கட்டியிருந்த இரண்டு குழாய் ஸ்பீக்கர்களிலிருந்தும் ஓர் இளைஞனின் குரல் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி மெல்ல ஆரம்பித்து, பியானோவோடு சேர்ந்து மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“ஜப்பான் பாட்டுங்க்கா.”

“ஜப்பானா?” குள்ளம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதுவிட்டு வந்துதான் கேட்கிறாள். “என்னா சொல்றான்?”

“இருந்தவங்க இல்லாமப் போயிட்டதத்தான் சொல்றான்.”

“அதான பாத்தேன். வயித்தப் பெசையுது” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்க விஷயம் பரவி, பாடுகிறவன் ஜப்பான்காரன் என்று தெரிந்த பிறகு அழுகை இன்னும் ஒரு பிடி கூடியது. எங்கோ இருக்கிற ஜப்பான்காரனே அழும்போது பங்காளிகள் சும்மா இருக்க முடியுமா?

இழவு வீட்டுக்குப் பாட்டுப் போடுவது கல்யாணத்துக்குப் போடுவது போல அல்ல. கல்யாண வீட்டில் பாட்டின் வார்த்தையை எவனும் காதில் வாங்குவதில்லை. சாம்பார் வந்ததா, பாயசம் வந்ததா என்பதிலேயே அவர்கள் புத்தி இருக்கும். இழவு வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேறு வேலை இல்லை. ஒரு வார்த்தை கீழே சிந்தாமல் கேட்பார்கள். அம்மா செத்தால் அம்மா பாட்டு, அப்பா செத்தால் அப்பா பாட்டு என்று பென் டிரைவில் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும். அத்தனை பாட்டிலும் எங்காவது ஒரு வரி ஒளிந்து உட்கார்ந்திருக்கும். சோறு போடாத மகன், சொத்தைச் சுருட்டிய தம்பி, எட்டிப் பார்க்காத மகள், தலையணை மந்திரம் ஓதிய மருமகள் என்று யாரையாவது இழுத்து வைத்துத் திட்டாமல் தமிழில் ஓர் இழவுப் பாட்டு கிடையாது. அப்படி ஒரு மகனோ மருமகளோ இல்லாத வீடுதான் எது? அந்த வரி வந்ததும் பந்தலில் இருக்கிற அத்தனை கண்ணும் ஒரே ஆள் மேல் திரும்பும். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு மூத்த மகன் கொடுவாளோடு வந்து ஒயரை இரண்டாக வெட்டிவிட்டு, “எந்தம்பி சொல்லித்தான இந்தப் பாட்டப் போட்ட?” என்று மாதவராஜின் சட்டையைப் பிடித்தான். இன்னோர் ஊரில் மருமகள் ஒருத்தி, மாமியார் பிணம் எடுப்பதற்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மாதவராஜுக்கு அந்த வீடுகளில் வேண்டியவர் என்றும் கிடையாது, வேண்டாதவர் என்றும் கிடையாது. அவன் பாட்டுக்கு வரிசையாகப் போட்டுக்கொண்டு போவான். யாரையும் குத்திக்காட்டுவதற்கென்று அவன் ஒரு பாட்டும் போட்டதில்லை, ஒரே ஒரு முறை தவிர.

அதற்கு முன் ஜப்பான் பாட்டு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

மாதவராஜின் மகள் மலர்விழி ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறாள். மேலே இருப்பவர்கள் ஜப்பான்காரர்கள். அவர்கள் பேசுவதைப் புரிந்துகொள்ள ஆள் வேண்டுமென்று கம்பெனியே சனிக்கிழமைகளில் வகுப்பு வைத்தது. மற்றவர்கள் எல்லாம் பாதியில் நின்றுவிட, இவள் பிடிவாதமாகப் படித்துத் தேறிவிட்டாள். போன பொங்கலுக்கு முந்தின பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தவள், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் காதில் இயர்போனோடு உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்ததை மாதவராஜ் பார்த்துவிட்டான்.  எவனோ ஒருத்தன் என் பிள்ளையை ஏமாற்றிவிட்டான் என்று ஒரு நொடியில் முடிவே கட்டிவிட்டான்.

“பாட்டுப்பா. பாட்டக் கேட்டுத்தான் அழுவுறேன்” என்றாள் மலர்விழி, வெட்கப்பட்டுக்கொண்டு.

மகளைப் பற்றிய கவலை போய்த் தொழில்காரனின் ஆசை வந்து உட்கார்ந்தது. தன் பாட்டி செத்த அன்றைக்கே பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோருக்கும் காபி கொடுத்தவள் இவள். இவளையே அழவைக்கிற பாட்டு என்றால் அது என்ன பாட்டு? “எங்க, குடு” என்று வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டான். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் முப்பது வருடம் பாட்டோடு புழங்கிய காது அது. பாடுகிறவள் குரலை உயர்த்தப் போவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்தாள். நம் ஊரில் ரெக்கார்டிங்கில் அந்தச் சத்தத்தை வெட்டிவிடுவார்கள். இவர்கள் அப்படியே விட்டிருந்தார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு ஒருத்தி பேச வாயெடுக்கும்போது இழுப்பாளே, அந்த மூச்சு. அந்த இடத்தில் மாதவராஜுக்கே முதுகுத்தண்டு சிலிர்த்தது.

“இதெல்லாம் இப்ப நாலஞ்சு வருசத்துக்குள்ள வந்த பாட்டுப்பா. பாட்டுக்குக் கீழ எவ்ளோ பேரு எழுதியிருக்காங்க பாருங்க. ஒருத்தரு ரயில்ல கேட்டுட்டு, எறங்க வேண்டிய எடத்துல எறங்காம அழுதுக்கிட்டே போயிட்டாராம். இன்னொரு அம்மா பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்டாங்களாம். அழுவுறது புள்ளைங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு கொழாயத் தொறந்தே வுட்டாங்களாம்.”

மாதவராஜ் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான். “இதுல யாராச்சும் யாரையாச்சும் திட்டுறாங்களா?”

மலர்விழி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். “இல்லப்பா. இவங்க யாரையும் திட்ட மாட்டாங்க. திட்டுனாத் தன்னையேதான் திட்டிக்குவாங்க.”

“அது போதும்” என்றான்.

அப்படித்தான் தர்மபுரி மாவட்டத்து இழவு வீடுகளுக்கு ஜப்பான் பாட்டு வந்து சேர்ந்தது. மகள் அனுப்ப அனுப்ப இவன் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டான். முதலில் இரண்டு மூன்று பாட்டுக்கு அர்த்தம் கேட்டான். அவற்றில் ஒன்றை அவன் போட்டதும் ஒரு முன்னாள் பஞ்சாயத்துத் தலைவரின் சாவில் ஊரே உருண்டு புரண்டு அழுதது. அது செத்துப்போன ஒரு பூனையைப் பற்றிய பாட்டு என்று மலர்விழி பிறகுதான் சொன்னாள். அதைக் கேட்ட நாளோடு அர்த்தம் கேட்பதை அவன் நிறுத்திக்கொண்டான். தெரிந்து என்ன ஆகப் போகிறது? யாருக்கும் புரியவில்லை, எல்லோரும் அழுகிறார்கள், எவனும் கொடுவாளைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. ஒரு மைக் செட்டுக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பென்னாகரம் பக்கமிருந்துகூட “அந்த ஜப்பான் பாட்டு வெச்சிருக்கறவருங்களா?” என்று போன் வர ஆரம்பித்தது.

இனி அந்த ஒரே ஒரு முறை.

ஆறு வருடத்துக்கு முன் அவனுடைய அம்மா காசியம்மாள் இறந்தாள். படுத்த படுக்கையாகப் பல மாதம் கிடந்துதான் போனாள். மலம் மூத்திரம் அள்ளியதெல்லாம் மாதவராஜின் மனைவி நிர்மலாதேவி. ராத்திரி புரட்டிப் படுக்க வைத்தது மாதவராஜ். தங்கச்சி சசிகலாவைப் பாப்பிரெட்டிப்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தது. அத்தனை மாதத்தில் அவள் வந்தது இரண்டு தடவை. மாமனாருக்கு முடியவில்லை, மஞ்சள் வெட்டு, பையனுக்குப் பரீட்சை என்று போனில் காரணம் வரும். காரணங்கள் எல்லாம் நிஜம்தான். ஆனால் முதுகில் புண் வைத்துப் படுத்திருக்கிறவள் “சசி வந்துச்சா?” என்று கேட்கும்போது காரணத்தை எடுத்துக் காட்டவா முடியும்? மாதவராஜுக்கு உள்ளே ஒன்று புளித்துக்கொண்டே இருந்தது. வாய் திறந்து தங்கச்சியை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அம்மா இறந்த அன்று சசிகலா ஒரு கல்யாணத்தில் இருந்தாள். அவள் புருஷன் பச்சியப்பனின் ஒன்றுவிட்ட தம்பிக்குக் கல்யாணம். செய்தி கேட்டதும் மாற்றிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் கட்டியிருந்த பட்டுச் சேலையோடு, தலையில் வைத்த பூவைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடி வந்தாள். அவள் ஆட்டோவிலிருந்து இறங்கித் தெருவில் திரும்பினாள். அப்போது மாதவராஜே கட்டியிருந்த குழாயில், கரகரத்த குரலில் ஓர் ஆள் பாடிக்கொண்டிருந்தான்.

‘பெத்தவ கெடக்கையில எட்டிப் பாக்காதவ, செத்தபின் வந்தாளே பட்டுச் சேல கட்டி...’

தெருவே திரும்பிப் பார்த்தது. சசிகலா அப்படியே நின்றாள். குழாயைப் பார்த்தாள். பிறகு ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் இருந்த அண்ணனைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அழவே இல்லை. அம்மாவின் காலடியில் கல் மாதிரி உட்கார்ந்திருந்து, காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது அவனிடம் வந்து, “தெரிஞ்சுதான் போட்டியா?” என்று மட்டும் கேட்டாள்.

“எனக்கென்னா தெரியும்? பென் டிரைவுல அதும்பாட்டுக்கு ஓடுது” என்றான் மாதவராஜ்.

பென் டிரைவ் அதன்பாட்டுக்கு ஓடியதென்னவோ உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டில் அடுத்து எந்த வரி வரும் என்று அவனுக்குத் தெரியும். நூறு தடவை போட்ட பாட்டு. தெருமுனையில் ஆட்டோ நின்றதும் பட்டுச் சேலை இறங்கியதும் அவன் கண்ணில் பட்டன. கை சத்தத்தைக் குறைக்கிற திருகின் மேலேயே இருந்தது. திருகவில்லை. அவ்வளவுதான் அவன் செய்தது. யாரும் பார்க்கவில்லை, யாராலும் நிரூபிக்கவும் முடியாது. அன்றோடு அண்ணன் தங்கச்சி பேச்சுவார்த்தை நின்றது. இரண்டு வீட்டு விசேஷத்துக்கும் இரண்டு பேரும் போவதில்லை.

நடுவில் பச்சியப்பன் மட்டும் தீபாவளி, ஆடிப்பதினெட்டு என்று போன் பண்ணிக்கொண்டிருந்தார். “சண்ட உங்க ரெண்டு பேருக்கும்டா மச்சான், எனக்கு இதுல என்னா?” என்பார். அப்புறம் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு இரண்டு தடவை தர்மபுரிக்கு வந்து ரத்தம் சுத்தம் செய்துகொள்கிற நிலைமை வந்தது. போனும் குறைந்தது. அவன் இருக்கிற இண்டூரிலிருந்து தர்மபுரி எவ்வளவு தூரம்? செட்டுக்குப் பல்பு வாங்கவே மாதவராஜ் வாரத்தில் நாலு நாள் போகிறவன். போய்ப் பார்க்க வேண்டும், இந்த வாரம் போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனான். எதிர் டீக்கடையில் சசிகலா பிளாஸ்க்கில் பால் வாங்கிக்கொண்டு நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள். மாதவராஜ் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். சாத்துக்குடியை வீட்டில் கொடுத்தபோது நிர்மலா ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

பச்சியப்பன் போய்விட்டார் என்று அவர் மகன் இளம்பரிதி போன் செய்தது ஒரு வியாழக்கிழமை காலை.

“மாமா, இங்க செட்டுக்காரரு பண்டிகைக்குப் போயிட்டாராம். நீங்களே செட்ட எடுத்துட்டு வந்துடறீங்களா?” என்றான் அவன். 

“அம்மா என்னா சொல்லுது?”

“அம்மா ஒண்ணும் சொல்லல மாமா. நீங்க வாங்க.”

ஒன்றும் சொல்லவில்லை என்றால் வா என்றா, வராதே என்றா? போனை வைத்துவிட்டு மாதவராஜ் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். புருஷன் செத்தால் பொறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். கூடப் பிறந்தவன் அதை எடுத்துக்கொண்டு போய், பிணம் எடுப்பதற்கு முன் ஊர் பார்க்க அவள் தோளில் போட வேண்டும். அவள் வாங்கிக்கொண்டால் அவளுக்குப் பொறந்த வீடு என்று ஒன்று இருக்கிறது. தட்டிவிட்டால் அதோடு சரி, பிறகு எந்தப் பெரிய மனுஷன் பஞ்சாயத்துப் பேசினாலும் ஒட்டாது. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. மாதவராஜுக்கும் உடன்பிறந்தது என்று உலகத்தில் இருப்பது அவள் ஒருத்திதான். அத்தனை பேர் நடுவில் அவள் தோளை உதறிவிட்டால் என்ன செய்வது?

“இன்னிக்கி அண்ணனா வாங்க. செட்டுக்காரரா வராதீங்க. கொழாய் வேற யாராச்சும் கட்டுவாங்க” என்றாள் நிர்மலா.

“பையன் கேட்டுட்டானே” என்று சொல்லிக்கொண்டே அவன் குட்டியானை வண்டியில் பெட்டிகளை ஏற்றினான். நிர்மலா சொன்னதுதான் சரி என்று அவனுக்கும் தெரியும். ஆனால் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் அவன் சொந்தக்காரனும் இல்லை, அன்னியனும் இல்லை. யாரும் அவன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அவனுக்கு அந்த மறைவு வேண்டியிருந்தது.

தர்மபுரியில் நிர்மலா சேலை எடுத்தாள். வெளிர் நீலத்தில் சின்னக் கரை போட்டது. வெள்ளைதான் எடுக்க வேண்டுமென்று கடைக்காரம்மா சொன்னதற்கு, “அதெல்லாம் அந்தக் காலம், அவ கட்டுற மாதிரி குடுங்க” என்றுவிட்டாள். பொம்மிடி வழியாகப் போனார்கள். கரும்பு லாரி ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போனது. சித்தேரி மலை தெரிய ஆரம்பித்ததும் நிர்மலா பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பச்சியப்பனை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். நோய் அவரை உரித்து எடுத்திருந்தது. மீசை மட்டும் பழைய மீசையாக இருந்தது. மாதவராஜ் மாலையைப் போட்டுவிட்டு நின்றான். தலைமாட்டில் சசிகலா இருந்தாள். நிர்மலா போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதபோது சசிகலாவும் அவள் தோளில் சாய்ந்து அழுதாள். அண்ணன் பக்கம் அவள் தலை நிமிரவில்லை. மாதவராஜ் அதற்கு மேல் அங்கே நிற்கத் தெரியாமல் வெளியே வந்து, புளியமரத்தில் குழாயைக் கட்டி, ஆம்ப்ளிஃபயரை மேசை மேல் வைத்து, அதன் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

மதியம் மேளக்காரர்கள் சாப்பிடப் போனார்கள். “பாட்டப் போடுங்க மாமா” என்றான் இளம்பரிதி. மாதவராஜ் ஜப்பான் பாட்டுகளைத்தான் போட்டான். வேறு எதைப் போடுவான்? இந்த வீட்டில், இந்த ஊரில், இத்தனை பேர் நடுவில் தமிழில் ஒரு வரி தவறிப்போனாலும் அவன் கதை முடிந்தது. முதல் பாட்டு ஓடியது. இரண்டாவது ஓடியது. மூன்றாவது ஒரு பெண்ணின் குரல். மலர்விழி அனுப்பியதில் ஒன்று. மாதவராஜுக்கு அதுதான் எல்லாவற்றிலும் பிடித்த பாட்டு. ஒரு கிதார் மட்டும் ஒற்றையாக ஒலித்துக்கொண்டிருக்க, அவள் பெரிதாக ஒன்றும் குரலை உயர்த்தாமல், யாரிடமோ சமாதானம் சொல்வது போலப் பாடிக்கொண்டு போவாள். பாதிக்குமேல் அந்த மூச்சு வரும். பந்தலில் விசும்பல் கேட்க ஆரம்பித்தது.

பச்சியப்பனின் அக்கா ராமக்காளுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. “இது என்னா பாசை? எந்தம்பி என்னா சீமையில பொறந்தவனா? அவனுக்கு ஒரு தமிழுப் பாட்டுக்குக்கூட வக்கில்லியா?” என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். “நிறுத்தச் சொல்லுங்கடா அத.”

மாதவராஜின் கை திருகுக்குப் போனது. அப்போது ஐஸ் பெட்டியின் தலைமாட்டிலிருந்து சசிகலா எழுந்தாள். புருஷன் கிடக்கும்போது பெண்டாட்டி எழுந்து வெளியே வருவது வழக்கமில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழி விட்டார்கள். “அக்கா, அது ஓடட்டும்” என்று ராமக்காளிடம் சொல்லிவிட்டு, அவிழ்ந்த கூந்தலைக்கூட அள்ளி முடியாமல் அவள் நேராகப் புளியமரத்தடிக்கு வந்து மேசைக்கு எதிரில் நின்றாள்.

“அண்ணா.”

அந்த வார்த்தையை ஆறு வருடத்துக்குப் பிறகு கேட்கிறான். மாதவராஜ் எழுந்து நின்றான்.

“இந்தப் பாட்டு என்னா சொல்லுதுன்னு தெரியுமா உனக்கு?”

அவன் திருகிலிருந்து கையை எடுத்தான்.

“எனக்குத் தெரியும்” என்றாள் சசிகலா. “மலரு லீவுக்கு வர்றப்பல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுத்தான் உங்க வூட்டுக்கு வரும். உன்கிட்டச் சொல்லியிருக்காது. நாலு மணி நேரம் மிசின்ல படுத்திருப்பாரு இல்ல, அப்பக் கேக்கட்டும்னு இந்தப் பாட்டெல்லாம் எம்போன்ல போட்டுக் குடுத்துச்சு. ஒரு காது அவுருக்கு, ஒரு காது எனக்கு. ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் சொல்லும். அவுரு இந்தப் பாட்டத்தான் திரும்பத் திரும்பக் கேப்பாரு.” அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். “‘சசி, உங்கண்ணன் பாட்டப் போடு’ம்பாரு.”

“எம்பாட்டா?”

“‘ரெண்டே ஸ்டேசன் தள்ளித்தான் இருந்தேன். நாளைக்கிப் போலாம், நாளைக்கிப் போலாம்னே இருந்துட்டேன். இன்னிக்கி வந்து கதவத் தட்டுறேன், தொறக்க நீ இல்ல.’ இதான் பாட்டு. வேற ஒண்ணுமே இல்ல அதுல. இதையேதான் மாத்தி மாத்திப் பாடுது.” சசிகலாவின் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. “‘உங்கண்ணன் பாட்டு’ன்னு சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவாரு. ஆனா வார்டு கதவு தொறக்கறப்பல்லாம் தலையத் தூக்கிப் பாப்பாரு.”

எத்தனையோ இழவு வீட்டில் போட்ட பாட்டை மாதவராஜ் அன்றைக்குத்தான் கேட்டான். புளியமரத்துக் குழாயிலிருந்து பாடுகிறவள் சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தாள். சமாதானம் இல்லை அது. தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்வது. டீக்கடை வாசலில் பைக்கைத் திருப்பியது நினைவுக்கு வந்தது. ஹேண்டில்பாரில் சாத்துக்குடிப் பை ஆடியதும் நினைவுக்கு வந்தது. யாரையும் திட்டாத பாட்டு என்று இந்த ஊரெல்லாம் சுமந்துகொண்டு திரிந்து, கடைசியில் மச்சான் கிடக்கிற பந்தலில் தன்னைத் திட்டுகிற பாட்டைத் தானே சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அது புரிந்தவள் இத்தனை கூட்டத்தில் ஒரே ஒருத்தி. இழவு வீட்டில் அழாமல் இருப்பது தொழில் என்று பழகிய கண் இரண்டும் நிறைந்துவிட்டன.

சசிகலா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். “தெரிஞ்சுதான் போட்டியா?”

அவள் எதை எதிர்பார்த்துக் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவள் எழுந்து வந்ததே அதற்காகத்தான். ஆமாம் என்று அவன் சொல்ல வேண்டும். வாய் திறந்து கேட்க முடியாத மன்னிப்பை அண்ணன் பாட்டாகப் போட்டுக் கேட்டுவிட்டான் என்று அவள் நம்பத் தயாராக வந்து நிற்கிறாள். ஓர் ‘ஆமா’ போதும். கோடியை அவள் தலைகுனிந்து வாங்கிக்கொள்வாள். தெரியாது என்று சொன்னால்? அன்றைக்குச் சொன்ன அதே பதில். அன்றைக்கு அது பொய். இன்றைக்கு அது சத்தியம். ஆனால் கேட்கிறவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தானே கேட்கும்? பந்தலிலிருந்து நிர்மலா கவலையோடு எட்டிப் பார்ப்பது தெரிந்தது. ஆமா என்று சொல்லிவிடு, யாருக்கு என்ன நஷ்டம் என்று மனம் அடித்துக்கொண்டது. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அது வாயில் வரவில்லை.

“இன்னிக்கித் தெரியாது சசி” என்றான்.  பிறகு மிச்சத்தையும் சொன்னான். “அன்னிக்கித் தெரியும்.”

 சசிகலாவின் முகத்தில் என்னென்னவோ வந்து போனது. மாதவராஜால் ஒன்றையும் படிக்க முடியவில்லை. ஆறு வருடமாக அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் தெரிந்த ஒன்றை அடுத்தவன் வாயால் கேட்பது வேறு. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பந்தலில் யாரோ, “பொறந்த வூட்டுக்காரங்க கோடி போடறவங்க வாங்கப்பா, நேரமாவுது” என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பி, வந்த வழியே போய், பச்சியப்பனின் தலைமாட்டில் முன்பு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மாதவராஜ் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். பாட்டை நிறுத்தவில்லை, குறைக்கவும் இல்லை. பந்தலுக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். எல்லாக் கண்ணும் தன் மேல் இருப்பதை அவன் முதுகு உணர்ந்தது. நிர்மலா பையிலிருந்து சேலையை எடுத்துக் கொடுத்தாள். அவன் தங்கச்சிக்குப் பின்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்தான். அவள் தோள் எலும்பு ரவிக்கையைத் துருத்திக்கொண்டு தெரிந்தது.

சேலையை விரிக்கப் பார்த்தான். வரவில்லை. கடையில் மடிப்பு கலையாமல் இருக்க ஓரத்தில் நூல் போட்டுத் தைத்து, விலைச்சீட்டையும் அதிலேயே கோத்திருந்தார்கள். அவன் இழுத்தான். ஒயர் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு அவிழ்க்கிற விரல்கள் அந்த நூலில் பிடி கிடைக்காமல் வழுக்கின. “நக வெட்டி எடுத்துட்டு வாங்க யாராச்சும்” என்று ராமக்காள் முணுமுணுத்தாள். பந்தல் காத்திருந்தது. மாதவராஜுக்கு நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிச் சேலையின் மேல் விழுந்தது. இன்னொரு தடவை இழுத்தான். நூல் துணியைச் சுருக்கிக்கொண்டதே தவிர அறவில்லை.

சசிகலா திரும்பினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்து சேலையை வாங்கி, ஓரத்தைத் தேடிப் பிடித்து, தலையைச் சாய்த்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். விலைச்சீட்டைக் கசக்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். சேலையின் முதல் மடிப்பை மட்டும் பிரித்துவிட்டு, அதை மறுபடியும் அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, பச்சியப்பனின் பக்கம் திரும்பி, தோளைக் கொஞ்சம் தாழ்த்தி உட்கார்ந்துகொண்டாள்.